ஈறு முன்பு எங்கே நின்றது? ஒரு கோரைப்பல்லின் நிகழ்வு ஆய்வு

"பல்லு வளந்துகிட்டே போவுதா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்தார். கேள்வி அவருடையது இல்லை. சிரிக்கும்போதெல்லாம் அம்மாவின் மேல் இடப்பக்கக் கோரைப்பல் மட்டும் நீளமாகத் தெரிகிறது என்று ஒன்பது வயது மகள் கேட்டிருக்கிறாள். அவருக்கு அதைவிடப் பெரிய தொல்லை கூச்சம். பானைத் தண்ணீர்கூட மின்னல் வெட்டுகிற மாதிரி இறங்குகிறதாம். வகுப்பில் பேசும்போது மின்விசிறிக் காற்று பட்டாலே வாயை மூடிக்கொள்கிறார்.

நெல்லிக்குப்பம் பக்கம், 36 வயது, கணக்கு ஆசிரியை. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் சரி, புகையிலைப் பழக்கம் இல்லை. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்; அளவுகளை மாற்றவில்லை. ஈறு 'இறங்குவது', 'கீழே' என்றால் வேர்ப்பக்கம்; 'ஏறுவது', 'மேலே' என்றால் பல்முனைப்பக்கம். மேல் தாடையிலும் அப்படித்தான் எழுதுகிறேன்.

கோரைப்பல்லில் ஏற்கெனவே ஒரு ஃபில்லிங் இருந்தது. கூச்சத்துக்காக வேறொரு இடத்தில் இரண்டு வருடத்துக்கு முன்னால் போட்டது. தேய்ந்த குழியை ஈறு விளிம்பு வரைக்கும் அப்பியிருந்தார்கள். இப்போது அது மஞ்சளித்து, அடி விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. புரோப்பை (பல்லையும் ஈறையும் தொட்டு அளக்கும் மெல்லிய கருவி) வைத்து இழுத்தால் நகம் மாட்டுகிற மாதிரி மாட்டியது. அந்த விளிம்பில் எப்போதும் ஒரு மெல்லிய வெள்ளைப் படிவு. அதற்குக் கீழே ஈறு சிவப்பு. ஃபில்லிங் போட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். கூச்சம் கொஞ்ச நாள் நின்றிருக்கிறது. ஆனால் ஈறு இருந்த இடத்தை ஃபில்லிங் பிசினால் நிரப்பிவிட்டால், பிற்பாடு ஈறை ஏற்ற நினைப்பவருக்கு எது பல், எது வேர் என்பதே தெரியாமல் போய்விடும்.

அடுத்த முறை வரும்போது வீட்டில் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துவரச் சொன்னேன். ஈறு இறங்கி வருகிற எல்லோரிடமும் கேட்கிற ஒன்றுதான். எக்ஸ்ரே சொல்லாததை அது சொல்லும். வாங்கி மூன்று வாரம்தான் ஆச்சு என்றார். நார்கள் இரண்டு பக்கமும் விரிந்து, தேய்ந்த துடைப்பம் போலக் கிடந்தன. 'ஹார்ட்' ரகம். என் முன்னாலேயே தேய்த்துக் காட்டச் சொன்னேன். வலது கை, ரம்பம் அறுப்பதுபோலக் குறுக்கே, எடுத்த எடுப்பில் போய் நின்ற இடம் மேல் இடப்பக்கக் கோரைப்பல். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கக் கோரைப்பல்லிலும் அதன் பின்பல்லிலும் ஈறு அதிகமாக இறங்குவது நாங்கள் அடிக்கடி பார்க்கிறதுதான். அந்த முனை வளைவில் கை தன்னையறியாமல் அழுத்தும். "ரத்தம் வந்தாதான் அழுக்கு போவும்னு எங்க அத்தை சொல்வாங்க" என்றார். அத்தை என்றால் மாமியார்.

கடலூர்ப் பக்கம் ஈறை 'எகிறு' என்பார்கள். பழந்தமிழில் எயிறு என்றால் பல். அந்தப் பேரும் கீழே இறங்கி ஈறுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

அளவுகள்

கோரைப்பல்லின் கூர்முனையிலிருந்து ஈறு விளிம்பு வரை 14 மி.மீ. அதே பல், வலப்பக்கத்தில் 10 மி.மீ. பின்னாலிருக்கும் முதல் முன்கடைவாய்ப்பல்லில் 10.5 மி.மீ. இரண்டிலும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 1 மி.மீ.தான் புரோப் இறங்கியது, ரத்தம் இல்லை. ஆக, பை விழுந்த ஈறு நோய் இல்லை, தேய்ந்து இறங்கியது. கெட்டி ஈறு, அதாவது உதட்டை இழுத்தாலும் அசையாத வெளிர் ஈறு, கோரைப்பல்லில் 2 மி.மீ., அடுத்ததில் 1 மி.மீ. புரோப்பை உள்ளே விட்டபோது அதன் சாம்பல் நிழல் வெளியே அப்படியே தெரிந்தது. மெல்லிய ஈறு என்பதற்கு அதற்கு மேல் சோதனை வேண்டாம். இப்படி இருக்கும் இடத்தில் அடியிலிருக்கும் எலும்பும் பெரும்பாலும் மெலிந்தோ பிளந்தோதான் இருக்கும்.

கீழ் முன்வரிசையில் நடு வெட்டுப்பல் ஒன்றிலும் 3 மி.மீ. இறக்கம். அங்கே கதையே வேறு. உதட்டைத் தாடையோடு பிடிக்கும் நடுநரம்பு மாதிரியான தசைத்தும்பு (நரம்பு இல்லை, பேச்சுவழக்கில் அப்படிச் சொல்கிறோம்) நேராக ஈறு விளிம்பில் வந்து ஒட்டியிருந்தது. கெட்டி ஈறு அரை மி.மீ.கூட இல்லை. பக்கத்துப் பல்லோடு சேரும் இடத்தில் ஈறு முக்கோணமும் தாழ்ந்து கறுப்பு இடைவெளி விழுந்திருந்தது. எக்ஸ்ரேயிலும் பல்லிடை எலும்பு குறைந்திருந்தது.

இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மில்லர் 1985இல் ஈறு இறக்கத்தை நான்காகப் பிரித்தபோதும், கெய்ரோ குழு 2011இல் அதை மூன்றாக்கியபோதும், அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் தாங்கு திசு இருக்கிறதா? முன்பக்கம் எவ்வளவு இறங்கியிருந்தாலும் நடுவில் முழுதாக இருந்தால் அது கெய்ரோவின் முதல் வகை. வேரை முழுவதும் மூட வாய்ப்புண்டு. நடுவிலும் போயிருந்தால், ஆனால் முன்பக்க இழப்பைத் தாண்டாமல் இருந்தால், இரண்டாம் வகை. அங்கே முழு மூடலை வாக்குக் கொடுக்கக் கூடாது. மேல் பற்கள் இரண்டும் முதல் வகை. கீழ்ப்பல் இரண்டாம் வகை. அன்றைக்கே சொல்லிவிட்டேன்: "மேல ஏத்தலாம் டீச்சர். கீழ, இதுக்கு மேல இறங்காம நிறுத்தப் பாக்கலாம். ஏறும்னு சொல்ல மாட்டேன்."

அறுவைக்கு முன் மூன்று மாதம்

உடனே பண்ணிவிடுங்கள் என்றார். ஒப்பவில்லை. ஈறை இறக்கிய கை மாறாமல் ஈறை ஏற்றினால், அந்தக் கை அதை மறுபடி இறக்கும். மெல்லிய நார் பிரஷ், ஈறில் சாய்த்து வைத்து ஈறிலிருந்து பல்லை நோக்கி உருட்டுவது, பேனா பிடிப்பதுபோல மூன்று விரலால் பிடிப்பது. முஷ்டியால் பிடித்தால் அழுத்தம் தானாக ஏறும். கணக்கு டீச்சர் இல்லையா, வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டுப் போட்டு, காலை, இரவு என்று டிக் அடித்துக் கொண்டுவந்தார். மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்த பிரஷ்ஷில் நார்கள் நேராக நின்றன. அதைப் பார்த்த பிறகுதான் தேதி கொடுத்தேன்.

தேதி பொங்கல் முடிந்து. "இந்த வருஷக் கரும்பைக் கடிச்சிட்டு வாங்க. அப்புறம் கொஞ்ச மாசத்துக்குக் கிடையாது" என்றேன். நெல்லிக்குப்பம் மாதிரி சர்க்கரை ஆலை ஊரிலிருந்து வருகிறவரிடம் கரும்பை நிறுத்தச் சொல்வது லேசு இல்லை.

கோடு

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் செலவழித்தது கத்தி எடுத்த நாளில் இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால், பென்சிலும் அளவுகோலுமாக. ஈறை எதுவரை ஏற்ற முடியும்? பாடப்புத்தகப் பதில்: எனாமல் முடிந்து வேர் தொடங்கும் எல்லை வரை. ஆனால் இந்தக் கோரைப்பல்லில் அந்த எல்லையே இல்லை. பாதி தேய்மானம், பாதி ஃபில்லிங். பழைய ஃபில்லிங்கை எடுத்துப் பார்த்தபோது உள்ளே அரை மி.மீ.க்கும் அதிகமான படி. குழியின் மேல் பாதி எனாமல் பகுதியைத் தின்றிருந்தது, கீழ்ப் பாதி வேரை. குழி முழுவதும் வேர் என்று நினைத்து ஈறை அதன் மேல் விளிம்பு வரை இழுத்துத் தைத்தால், எனாமல் இருந்த பகுதியில் ஈறு நிற்காது. திரும்ப இறங்கும். நோயாளி 'ஆபரேஷன் ஃபெயிலியர்' என்பார். தோற்றது அறுவை இல்லை, கணக்கு.

இதற்கு சுக்கெல்லி குழு 2006இல் சொன்ன வழி இருக்கிறது. ஈறு நிற்கும் உயரத்தைப் பல்லிடை ஈறு முக்கோணம்தான் தாங்குகிறது. பற்கள் தொட்டுக்கொள்ளும் புள்ளிக்கும், எனாமல் எல்லை பல்லின் ஓரத்தில் திரும்பும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அதுதான் அந்த முக்கோணம் இருந்திருக்க வேண்டிய உயரம். அந்த அளவை, இப்போது உண்மையிலேயே இருக்கும் முக்கோணத்தின் நுனியிலிருந்து வேர்ப்பக்கம் இறக்கி, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்து, இரண்டையும் பிறை வடிவில் சேர்த்தால் கிடைக்கும் கோடுதான் ஈறு போய் நிற்கக்கூடிய அதிகபட்ச உயரம். இவர் பல்லில் எல்லை அழிந்துபோனதால் வலப்பக்கக் கோரைப்பல்லில் அளந்து கொண்டுவந்தேன்.

வலப்பக்கம் 10 மி.மீ. என்றாலும் இங்கே கோடு விழுந்தது 10.5இல். பின்பக்க முக்கோணம் நுனியில் அரை மி.மீ. தேய்ந்திருந்தது. எலும்பு போகவில்லை, பிரஷ் பட்டு நுனி மழுங்கியது. அந்த அரை மி.மீ.யை யாராலும் தைத்துக் கொண்டுவர முடியாது. முன்கடைவாய்ப்பல்லுக்குக் கோடு 8 மி.மீ.

பிறகு ரப்பர் டேம் (பல்லில் எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் திரை) கட்டி, கோரைப்பல்லில் கோடு வரைக்கும் மட்டும் புது ஃபில்லிங். கோட்டுக்குக் கீழே இருந்த வேரை வெறுமனே விட்டேன். பல்லின் பங்கைப் பிசின் நிரப்பட்டும், வேரின் பங்கை ஈறு மூடட்டும்.

அறுவை

மரத்துப்போக 2% லிக்னோகெயின், 1:80,000 அட்ரினலின். மேல் ஈறில் சுக்கெல்லியும் டி சாங்டிசும் 2000இல் விவரித்த முறைப்படி நேர்வெட்டு இல்லாத ஃபிளாப், அதாவது பிரித்துத் தூக்கும் ஈறு மடல்: ஓரங்களில் சாய்வாக வெட்டி, முக்கோணங்களில் மெலிதாகப் பிரித்து, வேருக்கு நேரே எலும்புறையோடு முழுத் தடிப்பாகத் தூக்கி, அதையும் தாண்டி வேர்ப்பக்கம் போனதும் மறுபடி மெலிதாக. பழைய முக்கோணங்களின் மேல்தோலை மட்டும் சீவிவிட்டேன். புது நுனிகள் அங்கேதான் போய் உட்காரும். வேரின் குழிவை லேசாகச் சமன் செய்து, வேரின் மேற்பரப்பைச் சுத்தப்படுத்த 24% இ.டி.டி.ஏ. ஜெல் இரண்டு நிமிடம், பிறகு கழுவல்.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்து ஃபிளாப்பை மேலே கொண்டுவந்தேன். உட்கார்ந்தது. உதவியாளரிடம் உதட்டை இழுக்கச் சொன்னேன். விளிம்பு சரசரவென்று 2 மி.மீ. பின்வாங்கியது. உதட்டுத் தசை இன்னும் பிடித்திருக்கிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தையலால் இழுத்துக் கட்டியவன் நானும்தான், படிக்கிற காலத்தில். தையல் ஒரு வாரம் பிடிக்கும். ஈறு அதைவிட நாள் ஞாபகம் வைத்திருக்கும். மறுபடி கத்தியை உதட்டின் உள்தோலுக்கு இணையாகப் படுக்க வைத்து, தசை இழைகளை மட்டும் ஒவ்வொன்றாக விடுவித்தேன். இரண்டாவது தடவை உதட்டை இழுத்தபோது விளிம்பு அசையவில்லை. தையலே இல்லாமல் கோட்டைத் தாண்டி நின்றது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதற்குப் பதில் வேறு எதுவும் இல்லை.

அடுத்து ஒட்டு, அதாவது வேறிடத்திலிருந்து எடுத்து ஃபிளாப்புக்கு அடியில் வைக்கும் திசு. பின்பல்லுக்கு உள்பக்கம், மேல் அண்ணத்திலிருந்து, ஈறு விளிம்பை விட்டு 2 மி.மீ. தள்ளி, 15 மி.மீ. நீளத்துக்கு எடுத்தேன். முன்னால் அண்ணத்து வரிகளுக்குப் போகக் கூடாது. ஒட்டிலும் அந்த வரி வந்துவிடும். பின்னால் போகப் போகப் பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் வரும். மேல்தோலோடு எடுத்து, வெளியே கண்ணாடித் தட்டில் வைத்து மேல்தோலைச் சீவினேன். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் தோல் மீதமிருக்கும் இடம் வேறு விதமாக மின்னும். மிஞ்சியது 1 மி.மீ. தடிப்பில் வெள்ளையான, அழுத்தினால் ரப்பர் போலத் திமிரும் இணைப்புத் திசு.

ஏன் அண்ணத்துத் திசுதான்? காரிங்கும் லாங்கும் லோவும் 1975இல் குரங்குகளில் காட்டினார்கள்: மேல்தோல் எப்படி வளர வேண்டும் என்று அடியிலிருக்கும் இணைப்புத் திசுதான் சொல்கிறது. கெட்டி ஈறின் திசுவை அசையும் சதைக்குள் வைத்தால், அதன் மேல் வளரும் தோலும் கெட்டியாகிறது. 1985இல் லாங்கரும் லாங்கரும் அதை வேர் மூடலுக்குக் கொண்டுவந்தார்கள். மில்லரின் வகைப்பாடும் அதே வருடம்தான். ஈறு வைத்தியர்களுக்கு நல்ல விளைச்சல் ஆண்டு.

பண்ருட்டிப் பக்கம் மரக்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவரைக் கேட்டால் தெரியும்: பச்சை பச்சையைத் தொட வேண்டும், கட்டு அசையக் கூடாது. இங்கேயும் அதேதான். வேர் என்பது பட்டுப்போன கட்டை மாதிரி, ரத்தம் தராது. ஒட்டின் இரண்டு ஓரமும் கீழ்ப்பக்கமும் ரத்தமுள்ள எலும்புறைமேல் படுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் ஒட்டு கசிவு நீரில்தான் உயிர் வாழ்கிறது; பிறகே ரத்தக்குழாய்கள் எட்டுகின்றன. நடுவில் ஒரு மி.மீ. கட்டி ரத்தம் தேங்கினால் தாகத்தில் செத்துவிடும். ஒட்டைக் கோட்டு அளவில் தைத்து, அதன் மேல் ஃபிளாப்பைக் கோட்டைத் தாண்டி 1.5 மி.மீ. மேலே நிற்கிற மாதிரி 6-0 பாலிப்ரோப்பிலீன் என்ற மெல்லிய நூலால் ஒவ்வொரு பல்லையும் சுற்றித் தொங்கல் தையல் போட்டேன். ஆறும்போது சுருங்குவதற்கு அந்த உபரி. ஈரத் துணியால் ஐந்து நிமிடம் அழுத்தி முடித்தேன். அண்ணத்துப் புண்மேல் கொலாஜன் பஞ்சு, அதற்கு மேல் முன்பே அச்செடுத்துச் செய்துவைத்த பிளாஸ்டிக் தட்டு.

ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை. உடம்பில் வேறு கோளாறு இல்லாதவருக்கு, சுத்தமான வாயில், இந்த அறுவைக்கு அது தேவை என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்காரர் தயங்கினார். "ஒரு கோர்ஸ் போட்டுடலாமே சார்?" வேண்டாம் என்று விளக்கப் பத்து நிமிடம். எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். பலர் ஏன் எழுதிவிடுகிறார்கள் என்று அப்போது புரியும்.

மூன்றாம் இரவு

பத்தரை மணிக்குப் போன். அண்ணத்திலிருந்து ரத்தம், தட்டுக்கு அடியில் ஈரல் துண்டு மாதிரி ஏதோ இருக்கிறது. தட்டை எடுக்கச் சொல்லி, அந்தக் கட்டியைத் துடைத்துவிட்டு, சுத்தமான நனைத்த துணியை மடித்துக் கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தச் சொன்னேன். "இருபது நிமிஷம். கடிகாரம் பாத்து. நடுவுல எடுத்துப் பாக்காதீங்க, துப்பாதீங்க, முழுங்கிடுங்க." துப்பும்போது வாய்க்குள் உறிஞ்சல் வந்து உறைந்தது பிய்ந்துவிடும். அவர்கள் பைக்கில் கிளம்பி மஞ்சக்குப்பத்தில் என் கிளினிக்குக்கு வந்து சேர்வதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. பார்த்துவிட்டு அனுப்பினேன்.

காரணம், மாமியார் சொன்னபடி ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை உப்புத் தண்ணீரில் கொப்புளித்திருக்கிறார். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். முதல் 24 மணி நேரம் கொப்புளிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த நான், அதற்குப் பிறகு எப்படி என்று எழுதவில்லை. இப்போது என் தாளில் ஒரு வரி கூடியிருக்கிறது: மருந்து நீரை வாயில் தேக்கி, தலையை மட்டும் சாய்த்து, சத்தமில்லாமல் வழியவிடவும்.

பதினான்காம் நாள் தையல் பிரித்தேன். மாசி மகத்துக்கு முந்தின நாள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு சாமி வருகிற கூட்டத்தில் மாட்டாமல் இருக்கக் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். ஈறு வீங்கி, கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் பிரஷ் தொட அடுத்த இரண்டு வாரமும் அனுமதி இல்லை, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்து நீர் மட்டும். பல்லில் பழுப்புக் கறை ஏறியதற்குப் புலம்பினார். அது பாலிஷில் போய்விடும்.

ஒரு வருடம் கழித்து

கோரைப்பல்லில் ஈறு விளிம்பு: தைத்த அன்று 9, மூன்றாம் மாதம் 10.5, ஒரு வருடத்தில் 10.5. பென்சிலால் போட்ட கோட்டின்மேலேயே வந்து நிற்கிறது. கெட்டி ஈறு 2லிருந்து 4 மி.மீ. ஆகியிருக்கிறது, புரோப்பின் நிழல் இப்போது வெளியே தெரியவில்லை. முன்கடைவாய்ப்பல்லில் 8 என்று நினைத்தது 8.5இல் நின்றுவிட்டது. பின்முனையில் ஃபிளாப்பின் இழுப்பை நான் முழுதாக விடுவிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டரை மி.மீ. ஏற வேண்டியதில் இரண்டு ஏறியது. "எய்ட்டி பர்சென்ட் டாக்டர், ஃபர்ஸ்ட் கிளாஸ்தான்" என்று அவரே மார்க் போட்டார். குளிர்காற்றுக்குக் கூச்சம் பத்தில் எட்டு என்றிருந்தவர் இப்போது ஒன்று என்கிறார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை மறுவளர்ச்சி அறுவை என்று பலகையில் எழுதிக்கொள்கிறோம். மறுவளர்ச்சி என்றால் வேர்மேல் புது சிமெண்டம் (வேரைப் போர்த்தும் கடினமான உறை), புது எலும்பு, நடுவில் புது நார்கள். இணைப்புத் திசு ஒட்டில் அது அடிமுனையில் கொஞ்சம் நடக்கலாம். மற்றபடி வேரை மூடியிருப்பது பெரும்பாலும் நீண்ட மேல்தோல் பிணைப்பும் இணைப்புத் திசுவும்தான். இவர் பல்லை அறுத்துப் பார்க்கப் போவதில்லை என்பதால் உறுதியாக நான் எதையும் கோர முடியாது. ஈறு தடித்து, அசையாமல், சுத்தம் செய்ய வசதியாக நிற்கிறது. நோயாளிக்கு அது போதும்.

அண்ணத்தில் கை வைக்காமல் ரத்தம் எடுத்துச் சுற்றி வைக்கிறார்களாமே, பாண்டியில் அவர் சொந்தக்காரருக்குப் பண்ணினார்களாம் என்று முதலிலேயே கேட்டிருந்தார். அது பி.ஆர்.எஃப்., நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் ஜவ்வு. சூக்ரூன் 2001இல் கொண்டுவந்தது. நானும் பயன்படுத்துகிறேன், இரண்டாவது புண் இல்லை, செலவும் குறைவு. ஆனால் ஈறு இத்தனை மெலிந்த இடத்தில் தடிப்பும் கெட்டி ஈறும் வேண்டுமென்றால் அண்ணத்துத் திசுவுக்கு அது ஈடாகாது என்பது என் கணிப்பு. மூன்றாம் இரவு போனில் அவர் மறுபடி இதைத்தான் கேட்டார். அப்போது பதில் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

கீழ்ப்பல் அப்படியே இருக்கிறது. அந்தத் தும்பை விடுவித்து, மறுபக்க அண்ணத்திலிருந்து மேல்தோலோடு ஒட்டு எடுத்து வைக்க வேண்டும். கெட்டி ஈறு கிடைக்கும், நிறம் மட்டும் துணியில் போட்ட ஒட்டு மாதிரி வெளுத்துத் தெரியும், உதடு மறைத்துக்கொள்ளும். "அண்ணம் இன்னொரு தடவை வேணாம் டாக்டர்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இந்த முறை அளந்தேன்: 3 மி.மீ., போன வருடம் இருந்த அதே இடம். ஆனால் உதட்டை இழுத்தால் விளிம்பு இன்னும் அசைகிறது. பிரஷ் படும்போது வலிப்பதால் அந்த ஒரு பல்லை மட்டும் விட்டுவிட்டுத் தேய்க்கிறார், படிவு சேர்ந்திருக்கிறது. கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினேன். கூட வந்திருந்த மகளும் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேப்பர் திருத்தி முடியட்டும், மே லீவில் ஒரு தேதி போடுங்கள் என்றார்.